பகவதியின் நீரூற்றும் உலகம்மாளின் காதும்

இலஞ்சியில் சங்கரியம்மாவிடம் மௌனம் பழக வருகிறவர்களில் உலகம்மாள்தான் முதல் ஆள். அதை உலகம்மாளே சொல்வாள். கேட்காதவர்களிடமும் சொல்வாள்.

சங்கரியம்மாவுக்கு உலகம்மாளின் மகள் வயதுதான் இருக்கும். இருந்தாலும் உலகம்மாள் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். சங்கரியம்மா பதிலுக்கு அக்கா என்பாள். மற்ற எல்லோரும் அவளுக்கு வெறும் பெயர்தான். அக்கா என்ற சொல் தனக்கு மட்டும் என்பதில் உலகம்மாளுக்கு ரொம்பப் பெருமை.

பாடம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு வீட்டு மாடியில் நீளமான கூடம். விடிந்ததும் இரும்புப் படி ஏறி வந்து, பாய் விரித்து, கண்ணை மூடி, பேசாமல் உட்கார வேண்டும். மணி அடித்ததும் எழுந்து போகலாம். பேசாமல் இருக்கப் பழகுகிற இடத்தில் உலகம்மாள் இத்தனை வருஷம் எப்படித் தாக்குப்பிடித்தாள் என்று அவள் புருஷனுக்கே ஆச்சரியம்.

அந்த வருஷம் சங்கரியம்மா அம்பாசமுத்திரத்தில் இன்னொரு கூடம் தொடங்குவதாக இருந்தாள். ஆடி பிறந்ததும் அங்கே போய்விடுவாள். வாரத்தில் ஒருநாள்தான் இங்கே வருவாள். மற்ற நாட்களில் கூடத்தைத் திறக்க, மணி அடிக்க ஓர் ஆள் வேண்டும். சாவி யாரிடம் என்று அவள் சொல்லவில்லை. இதைச் சொல்ல வேறு வேண்டுமா என்று உலகம்மாள் நினைத்தாள். தன் முந்தானையில் அந்தச் சாவி முடிச்சாகத் தொங்குவதை அடிக்கடி மனசுக்குள் பார்த்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பகவதி வந்து சேர்ந்தாள்.

பகவதிக்குச் செங்கோட்டை. அங்கே தையல் கடை வைத்திருந்தாள். தினமும் முதல் பஸ் பிடித்து வருவாள். கண்ணை மூடினால் மூடினதுதான். கொசு கடித்தாலும் அசையமாட்டாள். ஒருநாள் சங்கரியம்மா அவளைப் பார்த்து, "நல்லா உக்காருதா" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, தன்பாட்டுக்குச் சொன்னாள். உலகம்மாளின் காதில் விழுந்துவிட்டது.

இத்தனை வருஷத்தில் தன்னைப் பார்த்து அந்த ஒரு சொல் வந்ததில்லையே என்று அவளுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அன்றிலிருந்து பகவதி படி ஏறுவதுகூட அவளுக்குத் தனியாகக் கேட்க ஆரம்பித்தது. கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். கீழே இரும்புப் படியில் செருப்புச் சத்தம் வரும். கடைசிப் படியில் கொஞ்சம் நிற்கும். வந்துட்டா, என்று உலகம்மாளின் மனசு சொல்லும்.

*

சித்திரை பிறந்தது. அருவிகள் வறண்டு பாறை தெரிந்தது. பக்கத்து வீட்டில் மசாலா அரைக்கிற மில் ஒன்று புதிதாக வந்து, விடிந்ததும் கடகடவென்று ஓடத் தொடங்கியது. உட்கார்ந்தவர்கள் நெளிந்தார்கள்.

"மில்லை நிப்பாட்டச் சொல்ல முடியாது. அவுக பிழைப்பு அது" என்றாள் சங்கரியம்மா. "இங்கன மேசை மேல ஒரு சின்ன நீரூற்று இருந்தா அந்தச் சத்தத்தோட இதுவும் சேர்ந்து கேக்கும். பாப்போம்."

அவள் யாரையும் வாங்கிவரச் சொல்லவில்லை. ஆனால் மறுநாளே உலகம்மாள் தென்காசியில் இருந்தாள். கடையில் இருந்ததிலேயே பெரிதைக் காட்டச் சொன்னாள். ஜடாமுடியிலிருந்து கங்கை கொட்டுகிற சிவன். பின்னால் நிறம் மாறும் விளக்கு. அடியில் ஒரு கண்ணாடி உருண்டை சுற்றிக்கொண்டே இருந்தது. போதாததற்குப் புகையும் வந்தது. அம்மா இதைப் பார்த்தால் அசந்துபோவாள் என்று ஆட்டோவில் மடியில் வைத்தே கொண்டுவந்தாள்.

கூடத்துக்குள் நுழைந்தால் அங்கே பகவதி, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கல்லில் குடைந்த மூன்று கிண்ணம். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் வழியும். விளக்கு கிடையாது, சாமி கிடையாது. இதை யார் வாங்குவார்கள் என்று உலகம்மாளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"ரெண்டையும் ஓட விட்டுப் பாப்போம்" என்றாள் சங்கரியம்மா. "முதல்ல அக்காவோடது."

சிவனின் தலையிலிருந்து தண்ணீர் கொட்டியது. எல்லோரும் கண்ணை மூடினார்கள். கொஞ்ச நேரத்தில் ஓர் ஆள் மெல்ல எழுந்து பாத்ரூம் பக்கம் போனார். பின்னாலேயே இன்னொருத்தி. அடுத்து, எதற்கும் அசையாத தபால் ஆபீஸ்காரர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். குழாயைத் திறந்துவிட்டு மூட மறந்த மாதிரி இருந்தது அந்தச் சத்தம். மேசை முழுக்கத் தண்ணீர் தெறித்து, உலகம்மாள் தன் முந்தானையாலேயே துடைத்தாள்.

பிறகு கல் கிண்ணம். சங்கரியம்மா மேசைக்காலுக்கு அட்டை வைத்து மட்டம் பார்த்தாள். அடிக் கிண்ணத்துக்குள் இருந்த மோட்டாரின் சின்னத் திருகைத் திருப்பித் தண்ணீரைக் குறைத்தாள். ஒரு கிண்ணம் நிறைந்து அடுத்ததில் வழிந்தது. சத்தம் இருந்தது, இருப்பது தெரியவில்லை. ஒருத்தரும் எழுந்து போகவில்லை.

"இது இருக்கட்டும்" என்றாள் சங்கரியம்மா.

உலகம்மாள் சிவனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். புருஷன், "அம்மா வேண்டாம்னுட்டாளாக்கும்?" என்று கேட்டான். அன்றைக்கு அவனுக்கு ரசம் மட்டும்தான்.

*

மறுநாள் நடந்ததுதான் அவளுக்குப் பெரிய அடி.

"அக்கா, இந்த நீரூற்றை நீங்க பாத்துக்கிடுங்க" என்றாள் சங்கரியம்மா.

"நானா?"

"ஆமாக்கா. மோட்டார் எப்பவும் தண்ணிக்குள்ளயே முங்கிக் கிடக்கணும். வெளிய தெரிஞ்சா கருகிப் போகும். போர் தண்ணி வேண்டாம், உப்புப் படியும். குடிக்கிற தண்ணி ஊத்துங்க. வாரத்துக்கு ஒருநாள் கிண்ணத்தையெல்லாம் கழத்தி எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்க்கணும். மோட்டாரைத் திறக்க வேண்டாம். ஒயரைப் பிடுங்கிட்டுக் கையை விடுங்க."

உலகம்மாள் தலையாட்டினாள். அவள் கொண்டுவந்ததை நான் குளிப்பாட்டணுமா, என்று உள்ளே கொதித்தது.

கொதித்தாலும் வேலையில் குறை வைக்கிற ஆள் இல்லை அவள். வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள். பழைய டூத் பிரஷ்ஷால் கிண்ணத்தின் விளிம்பில் படிந்த வெள்ளை உப்பைச் சுரண்டினாள். பாசி பிடிக்காமல் பார்த்துக்கொண்டாள். கல் கறுத்து மினுங்கியது. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்து, "அருமையா இருக்கே, யாரு வாங்கினது?" என்று கேட்பார்கள்.

"பகவதி" என்று நாலு பேர் சேர்ந்து சொல்வார்கள்.

யார் தேய்க்கிறார்கள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. தேய்க்கத் தேய்க்கப் பகவதியின் பெயர்தான் மின்னியது. உலகம்மாளுக்கு வயிறு எரிந்தது. பகவதியோ அவள் கழுவுகிற நேரமாகப் பார்த்து வந்து பக்கத்தில் நிற்பாள். ஒன்றும் பேசமாட்டாள். வேலை சரியாக நடக்கிறதா என்று மேற்பார்வை பார்க்கிறாள் போல, என்று உலகம்மாள் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

கண்ணை மூடி உட்கார்ந்தால் மனசு எங்கேயும் போகாது. நேரே அந்தக் கிண்ணங்களுக்குத்தான் போகும். மற்றவர்களுக்கு இரண்டொரு நாளில் அந்தச் சத்தம் பழகிப்போய்விட்டது. அவளுக்கு மட்டும் ஒவ்வொரு சொட்டும் கேட்டது. ஒருநாள் நடுவில் திடீரென்று எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள். சத்தம் மெலிந்திருந்தது, தண்ணீர் வற்றி மோட்டாரின் முதுகு தெரியத் தொடங்கியிருந்தது. வேறு யாருக்கும் அது தெரியவில்லை. சங்கரியம்மா மட்டும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்ததும் உலகம்மாளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. பேசாமல் கருக விட்டிருக்கலாமே என்று தோன்றியது. ஆனால் கருகினால் பழி யார் மேல் வரும்? பார்த்துக்கொள்ளத் தெரியாதவளுக்குச் சாவி எதற்கு என்று சொல்லிவிடுவார்களே.

அப்புறம்தான் அவளுக்குப் பூ ஞாபகம் வந்தது.

*

ஆனி மாதக் கடைசி வெள்ளி. உலகம்மாள் பூக்காரியிடம் உதிரிச் செவ்வந்தி வாங்கினாள். கூடத்துக்கு எல்லோருக்கும் முன்னால் வந்தாள். வெள்ளிக்கிழமை தண்ணீரில் பூப் போடுகிறவளை யார் என்ன சொல்ல முடியும்? பூவை முழுசாகப் போடவில்லை. இதழ் இதழாக, பொடிப்பொடியாகப் பிய்த்து அடிக் கிண்ணத்தில் தூவினாள். கையெடுத்துக் கும்பிடவும் செய்தாள்.

"அழகா இருக்குக்கா" என்றாள் பகவதி, வந்ததும்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். உலகம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். முதலில் மேல் கிண்ணத்தில் தண்ணீர் மெலிந்தது. பிறகு விட்டு விட்டு விழுந்தது. மோட்டார் உறுமியது. ஒரு தடவை முனகியது. நின்றது.

மில் சத்தம் முழுசாக உள்ளே வந்தது. எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் உலகம்மாள் நினைத்திருந்தாள். அது வராமல் அந்த மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பகவதியும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சங்கரியம்மா மணி அடித்தாள்.

"எல்லாரும் போங்க. அக்காவும் பகவதியும் மட்டும் இருங்க."

படியில் செருப்புச் சத்தங்கள் இறங்கி ஓய்ந்தன. சங்கரியம்மா ஒயரைப் பிடுங்கினாள். கிண்ணங்களை இறக்கி, சோப்பு டப்பா அளவு இருந்த மோட்டாரை எடுத்துத் தரையில் ஒரு தாம்பாளத்தில் வைத்தாள்.

"ரெண்டு பேரும் உக்காந்து இதைத் திறங்க" என்றாள்.

உலகம்மாள் வாய்ப்பக்க மூடியைக் கழற்றினாள். செவ்வந்தி இதழ்கள் கூழாக வந்தன.

"வெள்ளிக்கிழமையாச்சேன்னு போட்டேம்மா" என்றாள், யாரும் கேட்காமலே.

"சரி" என்றாள் சங்கரியம்மா. "பகவதி, உள்ள இருக்க சக்கரத்தை எடு."

பகவதி மோட்டாரை வாங்கினாள். சக்கரத்தை எடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். உலகம்மாள்தான் பொறுமை இல்லாமல் வாங்கி, நகத்தால் நெம்பி எடுத்தாள்.

சின்ன விசிறி மாதிரிச் சக்கரம். அதன் தண்டு முழுக்கப் பழுப்பாக, நாராக, இறுக்கமாக ஏதோ சுற்றியிருந்தது. உலகம்மாள் மூக்கின் அருகே கொண்டுபோனாள். வெட்டிவேர். வெயிலுக்காக ஜன்னலில் தொங்கவிட்டிருந்த வெட்டிவேர்த் தட்டியை நிமிர்ந்து பார்த்தாள். அதன் ஓரத்தில் ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டை இருந்தது. இவ்வளவு நாளும் கிண்ணத்தருகே அடித்த வெட்டிவேர் வாசம் தட்டியிலிருந்து வருகிறது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

தான் போட்டது பூ மட்டும்தான். அவள் பகவதியைப் பார்த்தாள். பகவதி தரையைப் பார்த்தாள்.

"நீயா பிள்ளே?"

பகவதியின் பார்வை தட்டியின் ஓட்டைக்குப் போய்த் திரும்பியது.

"உன் பொருளுதான இது?"

"வாங்கினது நான்" என்றாள் பகவதி. "உங்க கையிலல்லா குடுத்தாக."

"அதுக்கு?"

"அம்மா பக்கத்துல இருக்கலாம்னுதான்க்கா வாங்கினேன். நான்தான் கழுவணும், நான்தான் தண்ணி ஊத்தணும்னு நினைச்சுக்கிட்டு வந்தேன். அம்மா உங்களைக் கூப்பிட்டுட்டாக. வாராவாரம் நீங்க அதை மடியில வச்சுத் தேய்க்கும்போது எனக்கு வயிறு எரியும். ஒருநாள் நின்னு போச்சுன்னா, அக்காவுக்குப் பாக்கத் தெரியலன்னு எங்கிட்ட தருவாகன்னு நினைச்சேன். கொஞ்சம் கொஞ்சமாப் பிச்சுப் போட்டேன்."

உலகம்மாளுக்கு முதலில் கோபம் வரவில்லை. தன்னைப் பார்த்து ஒருத்தி இத்தனை நாளாக வயிறெரிந்திருக்கிறாள், அதைத் தெரிந்து சந்தோஷப்படாமல் போச்சே என்று ஒரு வருத்தம்தான் வந்தது. உலகம்மாளும் மனுஷிதானே. கோபம் அதற்குப் பின்னால் வந்தது. வந்த கோபத்தை வைக்க இடம் பார்த்தால், தாம்பாளத்தில் தன் செவ்வந்தி கூழாகக் கிடந்தது.

"நானும் சாமிக்குன்னு போடலை" என்றாள்.

"தெரியும்க்கா" என்றாள் பகவதி. "சாமிக்குன்னா அம்புட்டுப் பொடிசா யாரு பிய்ப்பாக?"

உலகம்மாள் சங்கரியம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்கும் தெரியுமாம்மா?"

"தட்டியில ஓட்டை விழுந்தது தெரியும். இன்னைக்குப் பூவும் கண்ணுல பட்டுது."

"தெரிஞ்சும் ஏன் பேசாம இருந்திய?"

"மோட்டார் எம்புட்டுத் தாங்கும்னு பாத்தேன்" என்றாள் சங்கரியம்மா.

பகவதி பையிலிருந்து நூல் வெட்டும் கத்தரியை எடுத்தாள். உலகம்மாள் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள, அவள் வேரை ஒவ்வொன்றாக வெட்டி இழுத்தாள். எலுமிச்சம்பழம் தேய்த்தார்கள். சக்கரம் விரலால் தட்டினால் சுற்றியது. கிண்ணங்களை அடுக்கி ஒயரைச் செருகியதும் மோட்டார் கொஞ்சம் இருமிவிட்டுத் தண்ணீரை ஏற்றியது.

உலகம்மாள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"இன்னும் ஒரு சொம்பு ஊத்தணும்" என்றாள்.

பகவதி ஊற்றினாள்.

*

ஆடி பிறந்தது. சாரல் விழத் தொடங்கியிருந்தது. சங்கரியம்மா கிளம்புகிற அன்றைக்கு உலகம்மாள் விடியுமுன்னே வந்துவிட்டாள். பகவதி அதற்கும் முன்னால் வந்து படியில் நின்றாள். இரவெல்லாம் இரண்டு பேரும் தூங்கவில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. நீரூற்று விஷயம் தீர்ந்தது. சாவி விஷயம் தீரவில்லை.

சங்கரியம்மா கூடத்தைச் சாத்தினாள். எப்போதும் போடுகிற பூட்டைப் போட்டாள். பிறகு பையிலிருந்து இன்னொரு பூட்டை எடுத்தாள். நாதாங்கிக்குக் கீழே புதிதாக அடித்திருந்த கொண்டியில் அதையும் போட்டாள்.

"அக்கா, இது உங்களுக்கு" என்று ஒரு சாவியை நீட்டினாள். "பகவதி, இது உனக்கு."

உலகம்மாள் சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். இத்தனை நாள் ஆசைப்பட்டுப் பார்த்த முடிச்சு. அதன் பிறகுதான் கதவைப் பார்த்தாள்.

"ஒரு சாவி போட்டா திறக்காதே?"

"திறக்காது."

"அப்போ நான் மட்டும் வந்தா?"

"திறக்காது."

பகவதியும் தன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இருவரில் யாருக்கு அதிகம் கிடைத்தது என்று கணக்குப் போட்டும் இருவருக்கும் பிடிபடவில்லை.

சங்கரியம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். உலகம்மாளுக்குப் பொறுக்கவில்லை. பின்னாலேயே இறங்கிக் கேட்டாள்.

"அம்மா, எனக்கு வீடு அடுத்த தெரு. நான் நேரத்துக்கு வந்துருவேன். அவ செங்கோட்டையில இருந்து பஸ் ஏறி வரணும். சாரல் நேரம். பஸ்ஸு வரலைன்னா நான் கையில சாவியை வச்சுக்கிட்டு இந்தப் படியில நின்னுக்கிட்டே இருக்கணுமா?"

"என்னத்துக்கு நிக்கணும்? உக்காருங்க."

"உக்காந்து என்ன செய்ய?"

சங்கரியம்மா திரும்பிப் பார்த்தாள்.

"கண்ணை மூடிக்கிட்டு அவ செருப்புச் சத்தம் வருதான்னு கேட்டுக்கிட்டிருங்கக்கா. தண்ணி குறைஞ்சது இந்தக் கூடத்துல உங்க ஒரு ஆளு காதுலதான விழுந்துச்சு."